பஸ் ஸ்டாண்டில் நின்ற கப்பலும் ஏழாம் அத்தியாயமும்

சாயத்துறை பஸ் ஸ்டாண்டுக்கு அமெரிக்கக் கப்பல் வந்து சேர்ந்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்பு என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த வண்டி அன்றைக்கு ஏழு ஐந்துக்குத்தான் கிளம்பியது. கப்பலின் நங்கூரம் ஆண்கள் கழிப்பறையின் சுவரைப் பெயர்த்துக்கொண்டு இறங்கியதில், உள்ளே மாட்டிக்கொண்ட கண்டக்டரை வெளியே எடுக்க இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது.

கடல் அங்கிருந்து ஒன்றரை மைல் தள்ளி இருந்தது. ஒரு காலத்தில் அது பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்தில்தான் இருந்தது, பக்கத்து ஆறு வருஷா வருஷம் மணலைக் கொண்டுவந்து கொட்டி அதை மெல்ல மெல்லத் துரத்திவிட்டது, பிறகு மணல்மேல் தென்னை வைத்தார்கள், தென்னையை வெட்டி பஸ் ஸ்டாண்ட் கட்டினார்கள். இந்த விவரமெல்லாம் கப்பல்காரர்களுக்கு எட்டவில்லை. தங்கள் பழைய வரைபடம் எங்கே நங்கூரம் போடச் சொல்லியதோ அங்கே போட்டார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் கப்பல் தரைக்கு இரண்டு ஆள் உயரம் மேலே மிதந்தது. கடலில் வெள்ளம் ஏறினால் அரசமரத்துக் கிளைவரை உயர்ந்தது, வற்றினால் கொஞ்சம் உயரமான ஆட்கள் குனிந்து போகவேண்டியிருந்தது.

முதல் நாள் ஊரே திரண்டது. இரண்டாம் நாள் அக்கம்பக்கத்து ஊர்களும் திரண்டன. மூன்றாம் நாள் ஜனங்கள் கப்பலுக்குக் கீழே நின்றுகொண்டு வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். டெப்போவிலிருந்து ஓர் ஆள் வந்து கால அட்டவணைக்குப் பக்கத்தில் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் எழுதிய பலகையை மாட்டிவிட்டுப் போனார். டீக்கடை மீராசா, கப்பல் நிழல் எந்தெந்த நேரத்தில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்து பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டே இருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டபாணி மேலிடத்துக்கு எழுதினார். கப்பல் விஷயம் துறைமுக இலாகாவைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. துறைமுக இலாகாவுக்கு எழுதினார். பஸ் ஸ்டாண்டு விஷயம் போக்குவரத்து இலாகாவைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கப்பல் எந்த இலாகாவையும் சேராமல் நிம்மதியாக மிதந்தது.

கப்பலின் பின்புறத்தில் அதன் பெயருக்குக் கீழே சேலம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால், சேலத்தில் ஏது கடல் என்று இரண்டு நாள் ஊர் குழம்பியது உண்மைதான். சேலத்து லாரி டிரைவர் ஒருவர் ஊர்ப்பாசம் தாங்காமல் நங்கூரச் சங்கிலியில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். அமெரிக்காவிலும் அந்தப் பெயரில் ஒரு துறைமுகம் உண்டு, அங்கிருந்துதான் அந்தக் காலத்தில் கப்பல்கள் தாரும் சாராயமும் உப்புக் கருவாடும் ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றி நம்மூருக்கு வந்து நீலச் சாயத் துணி வாங்கிப் போயின என்று விளக்கிச் சொல்ல ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் அதைப் புத்தகமாகவே எழுதியவர்.

அவர் பெயர் அரங்கநாயகம். உப்பு இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கு அவர் உப்பாபீஸ் சார். ‘சாயத்துறைக்கு வந்த அமெரிக்கக் கப்பல்கள்’ என்ற அவருடைய நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் பதினான்கு பதிப்பு கண்டிருந்தது. கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக வைத்தார்கள். சாயத்துறையில் பிறந்த எவரும் தங்கள் கொள்ளுப்பாட்டனின் பெயரைச் சொல்லத் திணறினாலும், ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழில் ‘பேஷன்ஸ்’ என்ற கப்பல் எத்தனை பாயோடு வந்தது என்பதை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அதே ‘பேஷன்ஸ்’ தலைக்குமேல் வந்து நின்றது. சிக்கல் என்னவென்றால், அது புத்தகத்தில் இருந்ததுபோல் இல்லை.

“மூணு பாய்மரம்னுதான சார் எழுதியிருக்கீங்க, இதுல ரெண்டுதான இருக்கு?” என்று மீராசா டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“ஒண்ணு புயல்ல போயிருக்கும்,” என்றார் அரங்கநாயகம். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் அந்தப் புயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டனுக்குப் பொன்னிறத் தாடி என்று புத்தகம் சொன்னது. கப்பல் விளிம்பில் தெரிந்த கேப்டன் குள்ளமாக, வழுக்கையாக, பல்வலியில் கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நின்றார். ஊர் இதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது; நூற்று எண்பத்தெட்டு வருஷம் கடலில் கிடந்தால் தாடி எப்படித் தங்கும்? ஓட்டை விழுந்த பாய், தார் நாற்றம், சொறி பிடித்த மாலுமிகள் எதுவுமே புத்தகத்தோடு ஒட்டவில்லை. கப்பலை நல்லபடியாக வர்ணம் அடித்துப் புத்தகத்தில் உள்ளபடி செய்துவிடலாமா என்று தலைவர் கோதண்டபாணி ஒரு யோசனை சொன்னார். புத்தகத்தைத் திருத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அரங்கநாயகத்துக்கு மரமும் தாடியும் பெரிய கவலை இல்லை. அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது ஏழாம் அத்தியாயம்.

ஏழாம் அத்தியாயம் பதினெட்டுப் பக்கம். துணி ஏற்ற வந்த அமெரிக்கக் கேப்டனை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த படகை வைரக்கண்ணு என்ற தண்டல், அதாவது படகின் தலைவன், வேண்டுமென்றே கவிழ்த்து, கேப்டனின் வெள்ளிப் பெட்டியைத் திருடித் தன் குடிசைக்குள் புதைத்தான் என்பது அதில் வரும் கதை. இருட்டு, மின்னல், வைரக்கண்ணுவின் கள்ளச் சிரிப்பு எல்லாம் அதில் உண்டு. அத்தனைக்கும் ஆதாரம், அரங்கநாயகம் சென்னையில் ஒரு நூலகத்தில் பழைய கப்பல் குறிப்புத் தொகுப்பில் படித்த ஒரே ஒரு வரி: ‘பெட்டி போனது, தண்டல் வைரக்கண்ணுவின் செயல்.’ ஆறு அத்தியாயம்வரை எல்லோருமே நல்லவர்களாக இருந்துவிட்டதால் புத்தகம் நகராமல் கிடந்தது, ஒரு வில்லன் தேவைப்பட்டான், இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவன் கோபித்துக்கொள்ளப் போகிறானா என்று நினைத்து அவர் எழுதிவிட்டார்.

செத்தவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவன் வம்சம் மீனவர் தெருவின் கடைசி வீட்டில் இருந்தது. இரண்டாம் பதிப்பு வந்த வருஷம் அந்த வீட்டுக் கொல்லையை யாரோ தோண்டிப் பார்த்திருந்தார்கள். மூன்றாம் பதிப்புக்குள் அந்த வீட்டுக்குப் ‘பெட்டி வீடு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அப்போதாவது அவர் திருத்தியிருக்கலாம். அந்தச் சமயம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்குத் துணைப்பாடமாக எடுத்துக்கொண்ட கடிதம் வந்தது.

அந்த வீட்டில் இப்போது அமிர்தவல்லி இருந்தாள். புருஷன் கடலோடு போனபிறகு அவன் படகை ஆள்வைத்து ஓட்டி, கூடை சுமந்து, பஸ் ஏறி மீன் விற்றுக் குடும்பத்தை நிறுத்தியவள். அவள் மகள் காந்தரூபிக்குப் பதின்மூன்று வயது. போன வருஷம் ஏழாம் வகுப்பில் வாத்தியார் அந்த அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லி, வைரக்கண்ணு பெயர் வரும் இடத்திலெல்லாம் பிள்ளைகள் திரும்பித் திரும்பி இவளைப் பார்த்தன. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தாய் அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பிறகு கருவாடு காயவைக்க அனுப்பிவிட்டாள். இதுவும் அரங்கநாயகத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தார், அதுதான் அவரைப் பற்றிச் சொல்லக்கூடியதிலேயே மோசமான விஷயம்.

ஐந்தாம் நாள், கடல் நன்றாக ஏறியிருந்த நேரத்தில், ஓர் இளம் மாலுமி டீ வாசனை தாங்காமல் கயிற்றைப் பிடித்துத் தானாகவே இறங்கி, கால அட்டவணைப் பலகைக்கு அருகே சிமெண்டுத் தரையில் மூழ்கத் தொடங்கினான். கன்னம் உப்பியது, கைகால் அடித்துக்கொண்டன, தலைமயிர் தண்ணீரில் மிதப்பதுபோல் விரிந்தது. சுற்றி நின்றவர்கள் கைநீட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள், பிடி கிடைக்கவில்லை. தரையில் நிற்பவர்களால் தண்ணீரில் போகிறவனைப் பிடிக்க முடியாது. வண்டிக்காக நின்றுகொண்டிருந்த அமிர்தவல்லி கூடையை இறக்கி வைத்தாள், புடவையை வரிந்து கட்டினாள், பிளாட்பாரத்திலிருந்து குதித்து நாலு கை நீந்திப்போய் அவன் மயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மீராசாவின் பெஞ்சில் போட்டாள். அவன் வாயிலிருந்து ஒரு குடம் உப்புத்தண்ணீர் வந்தது. அவள் புடவையில் ஈரமே இல்லை.

“படகு இல்லாம எறங்குனா எப்படி? அறிவு வேணாம்?” என்று அவனைத் திட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினாள்.

மேலேயிருந்து கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கியமாக, அவள் அவன் மயிரைப் பிடித்த விதத்தைப் பார்த்தார். மறுநாள் அவர் இறங்கவேண்டும் என்று சைகை காட்டியபோது, அந்தப் பெண்ணின் படகில் தவிர வேறு எதிலும் இறங்கமாட்டேன் என்பதையும் சைகையிலேயே சொல்லிவிட்டார். அமிர்தவல்லியின் படகை டயர் வண்டியில் ஏற்றி ஒன்றரை மைல் இழுத்து வந்தார்கள். கேப்டன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார், நாலு பேர் தள்ளினார்கள், முப்பதடி தாண்டி டீக்கடையில் கரை சேர்ந்தார்.

அவர் பேசிய ஆங்கிலம் யாருக்கும் புரியவில்லை. பாங்கு மேனேஜர் முயன்று பார்த்துவிட்டுத் தலைவலி என்று போய்விட்டார். பழைய புத்தகங்களிலேயே ஆங்கிலம் கற்ற அரங்கநாயகத்துக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, புரியப் புரிய வேர்த்தது.

கேப்டன் சொன்னது இதுதான். அந்தக் காலத்தில் ஒரு கப்பலை இறக்கி ஏற்றிவிட்டால், அதன் கேப்டன் படகுத் தண்டலுக்கு ஒரு நற்சான்றுச் சீட்டு எழுதித் தரவேண்டும் என்பது வழக்கம். தண்டல்கள் அந்தச் சீட்டுகளைத் தகரக் குழாயில் போட்டு இடுப்பில் கட்டியிருப்பார்கள், அடுத்த கப்பல் வந்ததும் முதல் வேலையாக உருவிக் காட்டுவார்கள். படிக்கத் தெரியாததால், ‘இவன் பெரும் குடிகாரன், நம்பாதே’ என்று ஒரு குறும்புக்காரன் எழுதித் தந்ததையும் சேர்த்துப் பெருமையாகக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் சீட்டு இல்லாத தண்டலை எந்தக் கப்பலும் கூப்பிடாது. அன்றைக்கு அலையில் நான் வந்த படகு கவிழ்ந்தபோது ஒரு பக்கம் பெட்டி மிதந்து போயிற்று, இன்னொரு பக்கம் கப்பலின் சமையற்காரன் முழுகிக்கொண்டிருந்தான். ‘பெட்டியைப் பிடி’ என்று நான்தான் கத்தினேன். வைரக்கண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையற்காரனின் மயிரைப் பிடித்தான். பெட்டி போயிற்று. அந்தக் கோபத்தில் நான் சீட்டு எழுதித் தரவில்லை. குறிப்பேட்டிலும் அப்படி ஒரு வரி எழுதிவைத்தேன். பிற்பாடு இங்கே வந்துபோன கப்பல்காரர்கள் சொன்னார்கள், என் சீட்டு இல்லையென்று அவனை யாருமே வேலைக்கு எடுக்கவில்லையாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினேன். காற்று சரியில்லை, கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

“என்ன சார் சொல்றாரு?” என்று ஊர் கேட்டது. அமிர்தவல்லியும் படகின் ஓரத்தைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரங்கநாயகம் பெஞ்சிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தார். “டீ ரொம்ப நல்லா இருக்காம்,” என்றார்.

மீராசா பூரித்துப்போனார். கேப்டன் ஏதோ நல்ல சேதி போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் கேப்டன் படகில் வந்து இறங்கி, சொல்லிவிட்டீரா என்று கேட்பார். அரங்கநாயகம் ஒவ்வொரு நாளும் ஊருக்கு ஒரு புதுச் சேதி சொல்வார்: ஊர் சுத்தமாக இருக்கிறதாம், பெண்கள் மரியாதையானவர்களாம், புத்தகம் பிரமாதமாம். மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஊர் கப்பலுக்கும் கப்பல் ஊருக்கும் பழகிவிட்டது. விளிம்பிலிருந்து உதிரும் சிப்பியைப் பொறுக்கிச் சுண்ணாம்புக்கு எடுத்துப்போனார்கள். மாலுமிகள் கயிற்றில் வாளி கட்டி இறக்கினால் யாராவது இட்லி வைத்தார்கள். கருவாட்டு வாசனை விஷயத்தில் இரு தரப்புக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போயிற்று.

கடைசியில் கேப்டன் சீட்டைத் தானே எழுதி முத்திரை வைத்துவிட்டார். தலைவர் கோதண்டபாணிக்கு அது போதும். ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டில் விழா, மைக் செட், அமெரிக்கக் கேப்டனின் சான்றிதழை உப்பாபீஸ் சார் தமிழில் வாசிப்பார், அதையே பதினைந்தாம் பதிப்பின் முன்னுரையாகப் போடலாம். வைரக்கண்ணுவின் வாரிசிடம் அதை ஒப்படைக்கவேண்டும் என்று கேப்டன் பிடிவாதமாகச் சைகை காட்டியதை, திருடனின் வம்சத்தை மன்னிக்கப்போகிறார் என்று ஊர் புரிந்துகொண்டது. அமெரிக்கர்களின் பெரிய மனசைப் பற்றி இரண்டு நாள் பேச்சு நடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அமிர்தவல்லி அரங்கநாயகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

“நாளைக்கி படகு நாந்தான் தள்ளணுமாம். வரேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்கய்யா. அந்தக் காயிதத்துல எங்களத் திட்டியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. எம்மவள வூட்டுல வுட்டுட்டு வரேன். ஒருக்கா கேட்டதுக்கே பள்ளிக்கூடம் போச்சு. மைக்குல வேற அவ கேக்க வேணாம்.”

அவள் குரலில் கோபம் இல்லை. சண்டை போட்டிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது ஆதாரம் காட்டித் தப்பித்திருப்பார்.

“கூட்டிட்டு வாம்மா,” என்றார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு நிரம்பி வழிந்தது. கப்பல் விளிம்பில் மாலுமிகள் தலைசீவி வரிசையாக நின்றார்கள். காந்தரூபி படகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். அரங்கநாயகம் மைக்கைப் பிடித்து, சீட்டை விரித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். தண்டல் வைரக்கண்ணு நாணயமானவன், தைரியசாலி. பெட்டியைப் பிடிக்கச் சொல்லி நான் உத்தரவிட்டும் மனிதனைப் பிடித்தான். அவன் எதையும் திருடவில்லை. அவனைப் பற்றி நான் எழுதிய வரி பொய், கோபத்தில் எழுதியது. இந்தத் துறைக்கு வரும் எவரும் அவனை, அவன் பிள்ளைகளை, நம்பிப் படகில் ஏறலாம்.

சீட்டை மடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். “ஏழாம் அத்தியாயம் முழுக்க என்னோட கற்பனை. ஒரு வரியப் பதினெட்டுப் பக்கமாக்கினேன். கள்ளச் சிரிப்பு, புதைச்சது, எல்லாம் நானே எழுதினது. இந்தக் குடும்பத்துக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன். மன்னிப்புக் கேக்குறேன்.” சொல்லும்போது அழுதுவிட்டார்.

கூட்டத்திலிருந்து ஏழாம் வகுப்பு வாத்தியார் எழுந்தார்.

“சாருக்கு வயசாயிடுச்சு. இங்கிலீஷ் தப்பாப் புரிஞ்சுட்டாரு.”

“காயிதத்துல இருக்கறத மட்டும் படிங்க சார்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“இருக்கறதத்தான் படிச்சேன்.”

தலைவர் கோதண்டபாணி மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார். “சாருக்கு மனசு எளகின மனசு. யாரோ அழுதாங்கன்னு மாத்திப் படிச்சுட்டாரு. பதினாலு பதிப்பு வந்த விஷயம் தப்பா இருக்குமா? நீங்களே சொல்லுங்க.”

கூட்டம் கைதட்டியது. மூன்று வாரம் கூசாமல் பொய் சொன்னபோது நம்பியவர்கள், ஒரே ஒரு நாள் உண்மை சொன்னதும் அவரைப் பொய்யர் என்றார்கள். மீராசாகூட டீ நன்றாக இருந்ததா இல்லையா என்ற சந்தேகத்தோடு அவரைப் பார்த்தார்.

அமிர்தவல்லி யாரையும் கேட்காமல் மேடைக்குப் போய், அவர் கையிலிருந்து சீட்டை வாங்கினாள். இரண்டாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கேப்டன் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். அவள் படகில் ஏறி உட்கார்ந்தார், நாலு பேருக்குப் பதிலாக அவளும் மகளும் மட்டுமே தள்ளினார்கள், படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் கயிறேறி மேலே போனதும் நங்கூரம் கழிப்பறையின் மிச்சச் சுவரையும் பெயர்த்துக்கொண்டு எழுந்தது, பாய்கள் விரிந்தன, கப்பல் சந்தைக்கு மேலாக, பள்ளிக்கூடத்துக்கு மேலாக, தென்னந்தோப்புக்கு மேலாகக் கிழக்கே போய்க் கடலில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது.

நிழல் போன எரிச்சலில் மீராசா பெஞ்சுகளைப் பழைய இடத்துக்கு இழுத்தார். ஒழுங்காகப் படித்திருந்தால் கப்பல் இன்னும் ஒரு மாதம் நின்றிருக்கும் என்று ஊர் முடிவுசெய்தது. ஏழாம் அத்தியாயம் இல்லாத பதினைந்தாம் பதிப்பை அரங்கநாயகம் அச்சிட்டார். யாரும் வாங்கவில்லை. பழைய பதிப்பை இரவல் வாங்கிப் படித்துக்கொண்டார்கள்.

புத்தகக் கட்டுகள் வீடு வந்து சேர்ந்த வாரத்தில் ஒரு காலை, காந்தரூபி அவர் வாசலுக்கு வந்தாள்.

“சார், அந்தக் காயிதத்தப் படிக்கணும்னா எத்தனாவது வரைக்கும் படிக்கணும்?”

“பழைய எழுத்து. பத்தாவது முடிச்சா தட்டுத்தடுமாறிப் படிச்சுடலாம்,” என்றார் அவர். மனசு குளிர்ந்துபோய், “உக்காரும்மா, இப்பவே வேணும்னா நான் ஒவ்வொரு வார்த்தையா...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க வேணாம் சார்.” அவள் கண்டிப்பாகத் தலையாட்டினாள். “நீங்க மொதல்ல திருடன்னு எழுதுனீங்க. அப்பறம் டீ நல்லாருக்குன்னு சொன்னீங்க. அப்பறம் நல்லவன்னு சொல்லி அழுதீங்க. எங்கம்மா நம்பிருச்சு. நான் நானே படிச்சுப் பாத்துக்குறேன். அதுவரைக்கும் எங்க தாத்தன் திருடனும் இல்ல, நல்லவனும் இல்ல.”

சொல்லிவிட்டு, தோளில் புத்தகப் பையோடு, முதல் மணி அடிப்பதற்குள் போய்விடவேண்டும் என்று ஓடினாள். அரங்கநாயகம் வாசல்வரை வந்து, அவள் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பதினான்கு பதிப்பு விற்றும் இப்படி ஒரு வாசகி அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.